பூசுறதுக்கு முன்னால பேர் தெரியணும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசிய உரை)



நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தேன். வீட்டில் மாமியார், வீட்டுக்காரர், ரெண்டு பிள்ளைகள், ரெண்டு மாடு. இதுதான் என் உலகம். மைக் முன்னால் நின்று பேசுவது இதுதான் முதல் தடவை. ஏதாவது தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் நம்ம கூட்டமைப்புக் கட்டடத்தில் ரெண்டு நாள் தோல் நோய் முகாம் நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வந்தவர்களின் பேர், வயசு, என்ன தொந்தரவு என்று நோட்டில் எழுதுகிற வேலையை எனக்குக் கொடுத்தார்கள். டாக்டரம்மாவுக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்கள். மறைவான இடத்தைக் காட்ட வேண்டும் என்றால் திரைக்குப் பின்னால் துணைக்கு நிற்பதும் என் வேலைதான். யாருக்கு என்ன என்று வெளியில் ஒரு வார்த்தை விடமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். அதனால் இன்றைக்கு நான் சொல்வதில் பேர் இருக்காது, ஊர் இருக்காது. ரெண்டு பேரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விவரமாகச் சொல்வேன். அவர்களே "சொல்லு, நாலு பேருக்கு உதவட்டும்" என்று அனுமதி கொடுத்தவர்கள்.

அந்த ரெண்டு நாளில் நான் நோட்டில் அதிகமாக எழுதிய வார்த்தை எது தெரியுமா? "அரிப்பு". வந்து உட்கார்ந்தவுடன், "அரிக்குதும்மா, நல்ல ஆயின்மென்டா ஒண்ணு எழுதிக் குடுங்க" என்பார்கள். டாக்டரம்மா உடனே எழுத மாட்டார்கள். எப்ப இருந்து அரிக்குது? பகல்லயா, ராத்திரியிலயா? வீட்டில் வேற யாருக்காவது இருக்கா? இதுவரைக்கும் என்னென்ன பூசினீங்க? இந்த நாலு கேள்வியையும் கேட்டுவிட்டு, ஜன்னல் வெளிச்சத்துக்கு அழைத்துப் போய்ப் பார்ப்பார்கள். தொட்டுப் பார்ப்பார்கள். காட்டிய இடம் மட்டும் இல்லை, காட்டாத இடத்தையும் பார்ப்பார்கள். அதற்கப்புறம்தான் பேனா.

எனக்கு அப்போது ஒன்று புரிந்தது. அரிப்பு என்பது நோயோட பேர் இல்லை. கைக்குழந்தை அழுகிற மாதிரி அது. பசிக்கும் அழும், காய்ச்சலுக்கும் அழும், எறும்பு கடித்தாலும் அழும். எதற்கு அழுகிறது என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் பாலைப் புகட்டினால் சரியாகுமா? நாம் தோலுக்கு அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். அதனால்தான் சொல்கிறேன், எதையும் பூசுறதுக்கு முன்னால அதோட பேர் தெரியணும்.

முதலில் படர்தாமரை. வரிசையில் பாதிப் பேருக்கு அதுதான் என்று எனக்குத் தோன்றியது. வட்டமாக வரும். ஓரம் மேடாக, செதில் செதிலாக, சிவந்து இருக்கும். நடுவில் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருக்கும். அந்த ஓரம்தான் நாளுக்கு நாள் நகர்ந்து வட்டம் பெரிசாகும். இடுப்பில் பாவாடை நாடா இறுக்குகிற இடம், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே, அக்குள், அதாவது வேர்வை தங்குகிற இடமெல்லாம் அதுக்கு வீடு. இது பூஞ்சையால் வருவது. ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டி பட்டால் பூஞ்சணம் பூக்கிறதே, அந்த ஜாதிதான். சந்தேகம் இருந்தால் டாக்டரம்மா அந்த ஓரத்தில் உள்ள செதிலை லேசாகச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் வைத்து, ஒரு சொட்டு மருந்து விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். நூல் நூலாகப் பூஞ்சை தெரியும். எனக்கும் ஒரு தடவை காட்டினார்கள்.

இப்போது அந்த ரெண்டு பேரில் முதல் அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். அவருக்கு இடுப்பில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வட்டம் வந்தது. டாக்டரிடம் காட்டுகிற இடமா அது என்று வெட்கம். மருந்துக் கடையில் பையனை விட்டு "அரிப்புக்கு ஆயின்மென்ட்" என்று கேட்டு வாங்கினார். பூசின ரெண்டாம் நாள் அரிப்பு நின்றது. சிவப்பு போய்விட்டது. "அருமையான மருந்து" என்று சந்தோஷப்பட்டார். நிறுத்தின ஒரு வாரத்தில் திரும்ப வந்தது. திரும்பப் பூசினார். அது அடங்கும், வரும், அடங்கும், வரும். ஒவ்வொரு தடவையும் வரும்போது பெரிசாக வந்தது. ஒரு வருஷத்தில் வயிறு, தொடை, முதுகு எல்லாம் பரவிவிட்டது. ட்யூப் வாங்கவே குழுவில் உள்கடன் எடுத்தார். வீட்டில் அவருக்குத் தனித் தட்டு, தனிப் பாய். குழுக் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டு, தவணைப் பணத்தைப் பொண்ணு கையில் கொடுத்து அனுப்பினார். "அவங்களுக்கு என்னமோ பெரிய வியாதியாம்" என்று பின்னால் பேசினார்கள்.

முகாமில் டாக்டரம்மா அந்தக் காலி ட்யூபைக் கையில் வாங்கிப் படித்தார்கள். அதில் மூன்று மருந்து கலந்திருந்தது. அதில் ஒன்று ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு என்ன செய்யும் என்றால், தோலில் நடக்கிற சண்டையை நிறுத்திவிடும். சண்டை நின்றால் சிவப்பும் அரிப்பும் இருக்காது. ஆனால் சண்டை போட்டது யார்? பூஞ்சையை விரட்ட நம்ம உடம்புதான் சண்டை போட்டது. காவல்காரனுக்குத் தூக்க மருந்து கொடுத்துவிட்டால் வீடு அமைதியாகத்தான் இருக்கும். திருடன் உள்ளே வேலை பார்ப்பான். அப்படித்தான் பூஞ்சை சத்தமில்லாமல் பரவும். அதோடு தோல் மெலிந்துபோகும். தொடையிலும் இடுப்பிலும் பிரசவத் தழும்பு மாதிரி வரிவரியாக விழும். அந்த வரி திரும்ப முழுசாகப் போகாது. முகத்தில் பூசினால் சிவந்து எரியும், பரு வரும், ரோமம் வளரும். தோல் மெல்லிசாக இருக்கிற இடத்தில், அதாவது முகத்திலும் தொடை இடுக்கிலும், இந்த மருந்து இன்னும் அதிகமாக உள்ளே இறங்கும்.

ட்யூபின் மேல் பேர் எழுதியிருக்கும். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. உங்கள் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். இந்தக் களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018லேயே மத்திய அரசு விதியைக் கடுமையாக்கிவிட்டது. ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது என்பது நமக்கெல்லாம் தெரியும். கடைக்காரரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. கேட்காமல் இருப்பது நம் கையில் இருக்கிறது.

ஸ்டீராய்டு கெட்ட மருந்தா? இல்லை. கரப்பானுக்கு, ஒவ்வாமைத் தடிப்புக்கு அதே மருந்தை டாக்டரம்மாவே எழுதினார்கள். எத்தனை நாள், எந்த இடம், எவ்வளவு என்று அளவு சொல்லி எழுதினார்கள். அரிவாள் நெல்லும் அறுக்கும், கையும் அறுக்கும். பிடிக்கத் தெரிந்தவர் பிடிக்க வேண்டும்.

அந்த அக்காவுக்குப் பூஞ்சைக்கான களிம்பும் மாத்திரையும் மட்டும் எழுதினார்கள். முதல் பத்து நாள் முன்னைவிட அதிகமாக அரித்தது. ஸ்டீராய்டை நிறுத்தினால் அப்படித்தான் இருக்கும், பயப்படாதீங்க என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் தாக்குப்பிடித்தார். வட்டத்தின் மேல் மட்டும் இல்லாமல், சுற்றி ரெண்டு விரல் அகலத்துக்கு வெளியிலும் பூச வேண்டும். தோல் பார்வைக்கு நல்லா ஆன பிறகும் டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் விடக் கூடாது. இங்கேதான் நிறையப் பேர் தப்பவிடுகிறோம். அரிப்பு நின்றவுடன் மருந்தையும் நிறுத்திவிடுகிறோம். வயலில் கோரையை மேலாகக் கிள்ளினால் கிழங்கு உள்ளே இருக்கும் இல்லையா, அதே கதைதான்.

துண்டு, பாவாடை, ஜாக்கெட் யாருடையதையும் யாரும் மாற்றிப் போடக் கூடாது. சுடுதண்ணியில் துவைத்து, உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி திருப்பி வெயிலில் காய வைக்க வேண்டும். குளித்ததும் இடுக்குகளைத் துடைத்து ஈரம் இல்லாமல் வைக்க வேண்டும். வீட்டில் வேறு யாருக்கும் இருந்தால் அவர்களும் கூடவே மருந்து எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருத்தரிடமிருந்து ஒருத்தருக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த அக்காவுக்கு முழுசாகக் குணமாக நாலு மாசம் ஆனது. இப்போது கூட்டத்துக்கு வருகிறார். இங்கேதான் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறார். எங்கே என்று யாரும் தேட வேண்டாம்.

ரெண்டாவது, சிரங்கு. இதைப் பற்றி நான் அனுபவத்தில் பேசுகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டுக்கே வந்தது. என் சின்னவன் விடுமுறைக்கு உறவுக்காரர் வீட்டில் தங்கிவிட்டு வந்தான். கொஞ்ச நாள் கழித்து ராத்திரியானால் சொறிவான், தூங்கமாட்டான். விரல் இடுக்கில், மணிக்கட்டில், இடுப்பில் பொரிப்பொரியாக இருந்தது. அடுத்து எனக்கு, அடுத்து என் மாமியாருக்கு.

ராத்திரியில் அதிகமாக அரிக்கிறது, விரல் இடுக்கில் இருக்கிறது, வீட்டில் ரெண்டு மூணு பேருக்கு இருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் சிரங்கு என்று சந்தேகப்படலாம். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு பூச்சி தோலுக்குள் குழி தோண்டி முட்டை வைக்கிறது. சுத்தமில்லாதவர்களுக்குத்தான் வரும் என்பது பொய். ஒட்டிப் படுத்தால், கை கோர்த்து விளையாடினால் யாருக்கும் வரும். முதல் தடவை தொற்றினால் அரிப்பு தொடங்கவே நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதனால் அரிப்பு இல்லாதவர் உடம்பிலும் பூச்சி இருக்கலாம்.

இதற்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெர்மெத்ரின் என்கிற களிம்பு கொடுத்தார்கள். அதைப் பூசுவதற்கு ஒரு முறை இருக்கிறது. அரிக்கிற இடத்தில் மட்டும் தொட்டு வைத்தால் பிரயோஜனம் இல்லை. கழுத்துக்குக் கீழே உள்ளங்கால் வரைக்கும், விரல் இடுக்கு, தொப்புள், நகத்தின் அடி, மறைவான இடம் எதையும் விடாமல் ராத்திரி பூசிப் படுத்து, காலையில் குளிக்க வேண்டும். நடுவில் கை கழுவினால் கையில் திரும்பப் பூச வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் டாக்டரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

இதில் பெரிய பாடு எது தெரியுமா? வீட்டில் அரிப்பு இருக்கிறவர், இல்லாதவர் எல்லோரும் ஒரே ராத்திரியில் பூச வேண்டும். என் வீட்டுக்காரர் "எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே" என்றார். என் மாமியார், "இந்த வயசுல உடம்பு பூரா களிம்பப் பூசிக்கிட்டுக் கெடக்கணுமாடி" என்றார். நான் சொன்னேன்: "அத்தை, மாட்டுக் கொட்டாயில உண்ணி வந்தா ஒரு மாட்டுக்கு மட்டும் மருந்து அடிப்போமா? ரெண்டு மாட்டுக்கும் சேத்துத்தானே அடிப்போம்?" கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி, முதுகுக்கு நீ பூசி விடு" என்றார். நான் கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் அவர் முதுகை நான் தொட்டது அன்றைக்குத்தான். எவ்வளவு சொறிந்த தழும்பு இருந்தது தெரியுமா? எத்தனை ராத்திரி தூங்காமல் இருந்திருக்கிறார், ஒருத்தருக்கும் தெரியவில்லை.

அடுத்த நாள் காலையில் பாய்விரிப்பு, போர்வை, தலையணை உறை, போட்ட துணி எல்லாவற்றையும் சுடுதண்ணியில் துவைத்து வெயிலில் போட்டேன். துவைக்க முடியாத கம்பளியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி ஒரு வாரம் ஓரமாக வைத்தேன். மனுஷ உடம்பு இல்லாமல் அந்தப் பூச்சி மூணு நாலு நாளைக்கு மேல் தாங்காது. ஒரு விஷயம்: பூச்சி செத்த பிறகும் ரெண்டு மூணு வாரம் அரிப்பு இருக்கும். அதைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று தினம் தினம் பூசக் கூடாது.

மூன்றாவதாகச் சொல்லப் போவதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். இதுவரைக்கும் அரிக்கிறதைப் பற்றிப் பேசினேன். அரிக்கிற நோய் நம்மைக் கையைப் பிடித்து இழுத்துக் கடைக்கோ டாக்டரிடமோ கொண்டுபோய்விடும். அரிக்காத நோய் அப்படி இழுக்காது. அதுதான் ஆபத்து.

முகாமுக்கு வந்த இன்னொரு அக்கா, நோய் என்று சொல்லி வரவே இல்லை. பேத்தியைத் தூக்கிக்கொண்டு துணைக்கு வந்தவர். பேத்தி முகத்தில் வெள்ளையாக ஒரு திட்டு. "பூச்சி விழுந்திருக்கு, கீரைப்பூச்சி மாத்திரை குடுங்க" என்றார். அது பூச்சியால் வருவது இல்லையாம். குழந்தைகளுக்குத் தோல் வறண்டு வருகிற திட்டு. எண்ணெய்ப்பசை உள்ள களிம்பு தடவினால் நாளாவட்டத்தில் போய்விடும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்கள். அப்படியே அந்த அக்காவின் முழங்கையைப் பார்த்துவிட்டு, "இது என்னம்மா?" என்றார்கள். வெளிறிய ஒரு தேமல். "அது கெடக்கும்மா ரெண்டு வருஷமா, அரிக்காது, வலிக்காது" என்றார்.

டாக்டரம்மா அவரைக் கண்ணை மூடச் சொன்னார்கள். பஞ்சைத் திரித்து நுனியால் தொட்டு, "எங்க தொடறேனோ அங்க விரல் வைங்க" என்றார்கள். நல்ல தோலில் தொட்டால் சரியாகக் காட்டினார். தேமல் மேல் தொட்டபோது பேசாமல் உட்கார்ந்திருந்தார். மறுபடி தொட்டார்கள். மறுபடியும் பேசாமல் இருந்தார். பக்கத்தில் இருந்த எனக்கு நெஞ்சு திக்கென்றது. அப்புறம் முழங்கை நரம்பைத் தடவிப் பார்த்தார்கள். தடிப்பாக இருந்தது. சுண்டுவிரல் லேசாக மடங்க ஆரம்பித்திருந்தது. "ஆமா, அடுப்புல சுட்டாக்கூட அந்த விரல்ல தெரியமாட்டேங்குது" என்று அப்போதுதான் சொன்னார்.

அது தொழுநோய். அந்த வார்த்தையைக் கேட்டதும் அந்த அக்கா அழவில்லை. "என் பொண்ணு வாழ்க்கை போயிடுமே" என்றுதான் கேட்டார். நோயைவிட அந்தப் பேர்தான் அவரை பயமுறுத்தியது.

டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொல்கிறேன். இது ஒரு கிருமியால் வருகிறது. 1873லேயே நார்வே நாட்டில் ஹான்சன் என்கிற டாக்டர் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார். சாபமும் இல்லை, பாவமும் இல்லை, பரம்பரையும் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு இந்தக் கிருமியை எதிர்க்கிற சக்தி உடம்பிலேயே இருக்கிறது. கூட்டு மருந்து அட்டையாக அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகவே கிடைக்கிறது. நோயின் அளவைப் பார்த்து 6 மாசம் அல்லது 12 மாசம் சாப்பிட வேண்டும். மாத்திரை தொடங்கிய கொஞ்ச நாளிலேயே அடுத்தவருக்குப் பரவுகிற தன்மை போய்விடும். தனித் தட்டு, தனி வீடு எதுவும் தேவையில்லை. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்று முன்பு சட்டத்தில் இருந்தது. அதையும் 2019ல் நீக்கிவிட்டார்கள்.

ஆனால் ஒன்று. மருந்து கிருமியைக் கொல்லும், செத்த நரம்பை எழுப்பாது. நரம்பு பாதித்து ஆறு மாசத்துக்குள் வந்தால் காப்பாற்ற வாய்ப்பு அதிகம். அதற்கு என்ன மருந்து கொடுத்தார்கள் தெரியுமா? ஸ்டீராய்டு மாத்திரை! முதல் அக்காவைக் கெடுத்த அதே ஜாதி மருந்து, இந்த அக்காவின் விரலைக் காப்பாற்றக் கொடுக்கப்பட்டது. நோயோட பேர் தெரிந்து கொடுத்தால் மருந்து, தெரியாமல் கொடுத்தால் வினை. நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

அந்த அக்கா 12 மாச மருந்தையும் ஒரு நாள் விடாமல் சாப்பிட்டு முடித்தார். சுண்டுவிரல் முழுசாக நிமிரவில்லை. ஆனால் மற்ற விரல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பூக்கட்டுகிறார். பொண்ணுக்கும் ஒரு குறையும் வரவில்லை. வீட்டில் எல்லோரையும் செவிலியர் அக்கா வந்து பரிசோதித்துவிட்டுப் போனார்.

எல்லா வெள்ளைத் திட்டும் தொழுநோய் இல்லை, பயந்துவிடாதீர்கள். கழுத்து, முதுகு, நெஞ்சில் தவிடு தூவின மாதிரி வருகிற தேமலும் ஒரு பூஞ்சைதான். மருந்தில் போகும், நிறம் திரும்பத்தான் சில மாசம் ஆகும். பால் மாதிரி வெள்ளையாக வருவது வெண்புள்ளி. அதை வெண்குஷ்டம் என்று சொல்வது பெரிய தவறு. அதற்கும் குஷ்டத்துக்கும் சம்பந்தமே இல்லை, ஒட்டவும் ஒட்டாது. உணர்ச்சி இருக்கிறதா, இல்லையா என்பதுதான் முக்கியமான கேள்வி.

இன்னும் சில விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

அக்கி. உடம்பில் ஒரு பக்கம் மட்டும் பட்டையாக எரிச்சலும் வலியும் வந்து, அப்புறம் கொத்தாகக் கொப்புளம் வரும். சின்ன வயசில் அம்மை போட்ட கிருமி நரம்பில் ஒளிந்திருந்து திரும்ப வருவது அது. நம் ஊரில் காவி மண்ணால் அக்கி எழுதுவார்கள். நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இதற்கு மாத்திரை இருக்கிறது, கொப்புளம் வந்த மூணு நாளுக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். எழுதி ஒரு வாரம் பார்ப்போம் என்று காத்திருந்தால் அந்த நேரம் போய்விடும். வயசானவர்களுக்கு வலி மாசக்கணக்கில் நிற்கும். கண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் அன்றைக்கே ஓட வேண்டும், பார்வைக்கே ஆபத்து.

ஸ்டிக்கர் பொட்டு வைத்த இடம் அரித்தாலோ, வெளுத்தாலோ அந்தப் பசைதான் காரணமாக இருக்கலாம். குங்குமத்துக்கு மாறிக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள். கவரிங் நகை போட்ட காது, கழுத்து, ஜாக்கெட் கொக்கி படுகிற முதுகு புண்ணானால் அதில் உள்ள நிக்கல் உலோகம் ஒத்துக்கொள்ளவில்லை. தலைச்சாயம் போட்டு நெற்றியும் காதோரமும் அரித்துக் கருத்தால் அந்தச் சாயத்தை அத்தோடு விட்டுவிட வேண்டும். பாத்திரம், துணி, சாணி என்று நாள் முழுக்கத் தண்ணியில் கிடக்கிற கை வெடித்தால், ஒவ்வொரு தடவை கை கழுவித் துடைத்ததும் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். நம் குழுவில் பினாயில், சோப்புத்தூள் தயாரிக்கிறவர்கள் கையுறை போடாமல் கையை விடவே கூடாது.

முகத்தில் மங்கு வந்தால் வெள்ளையாக்கும் கிரீம் தேடாதீர்கள். சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது, சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. கேரளாவில் மலப்புரம் மாவட்டத்தில் இந்த மாதிரி கிரீம் பூசினவர்களுக்குச் சிறுநீரகமே பாதிக்கப்பட்டதை டாக்டர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். பேரும் ஊரும் இல்லாத டப்பாவை முகத்தில் வைக்காதீர்கள். மங்குக்கு முதல் மருந்து வெயில் படாமல் பார்த்துக்கொள்வது.

கழுத்தைச் சுற்றிக் கருப்பாகத் தடித்து, எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை என்றால் அது அழுக்கு இல்லை. சர்க்கரை வரப்போகிறது என்று உடம்பு சொல்கிற சேதியாக இருக்கலாம். அடிக்கடி கட்டி வந்தாலும், மறைவிடத்தில் அரிப்பு திரும்பத் திரும்ப வந்தாலும் சர்க்கரை பார்த்துவிடுங்கள். எந்த மாத்திரையாவது சாப்பிட்ட பிறகு காய்ச்சலோடு தோல் சிவந்து கொப்புளித்தால், வாய் புண்ணானால், ஒரு மணி நேரம்கூட வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

டாக்டரிடம் போகும்போது மூன்று விஷயம் செய்யுங்கள். இதுவரைக்கும் பூசின ட்யூப், சாப்பிட்ட அட்டை, காலியாக இருந்தாலும் எடுத்துப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, பவுடர் எதையும் அப்பிக்கொண்டு போகாதீர்கள், தோல் அதுபாட்டுக்குத் தெரியட்டும். மறைவான இடம் என்றால் "பெண் நர்ஸ் கூட இருக்கட்டும்" என்று கேளுங்கள். அது நம் உரிமை. பிரசவத்துக்கு வெட்கப்படாத நாம் ஒரு வட்டத்துக்கு ஏன் வெட்கப்பட வேண்டும்?

கடைசியாக, நம் கூட்டமைப்பிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். ஜனவரி 30 தொழுநோய் ஒழிப்பு நாள். அந்த வாரம் நடக்கிற குழுக் கூட்டத்தில், சேமிப்பு எழுதி முடித்ததும், ஒரு பத்து நிமிஷம் ஒதுக்குவோம். ஒருத்தர் முதுகை ஒருத்தர் பார்ப்போம். நம் முதுகு நமக்குத் தெரியாது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவருக்குத்தான் தெரியும். தேமல் இருந்தால் பஞ்சுத் திரியால் தொட்டுப் பார்ப்போம். தொட்டது தெரியவில்லை என்றால் அந்த அக்காவைத் தனியாக அனுப்பாமல், குழுவில் ஒருத்தர் கூடவே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவோம். பத்து ரூபாய் கடனுக்குக்கூட ஒருத்தருக்கு ஒருத்தர் ஜாமீன் நிற்கிறோம். உடம்புக்கும் நிற்போம்.